முடிவு வாசித்துவிட்டுக் கிளம்பிய கப்பல்

மற்ற இடங்களில் கடலுக்குப் போய்விட்டு வந்து முடிவை எழுதுவார்களாம். கடலடி ஆய்வு மையத்தில் அந்த மாதிரி அலட்சியம் கிடையாது. அங்கே முடிவை முதலில் எழுதி, மண்டபத்தில் மேடை போட்டு வாசித்து, கைதட்டு வாங்கிய பிறகுதான் கப்பல் நங்கூரத்தை எடுக்கும். இந்த விழாவுக்கு முடிவு வாசிப்பு என்று பெயர். மேடையில் வாசித்து மண்டபம் கைதட்டிவிட்ட முடிவை அதற்கப்புறம் யாரும் மாற்றக் கூடாது. வாசித்தவரே நினைத்தாலும் கூடாது, இயக்குநரே நினைத்தாலும் கூடாது. கடலே நினைத்தாலும் கூடாது என்பதுதான் உள்ளர்த்தம். நாகரிகம் கருதி அதை மட்டும் எழுதி வைக்கவில்லை.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாக உடைந்து கிடக்கிறது, அவை நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். நம் கடலுக்கு அடியில் இருக்கும் தட்டு மட்டும் நகரவில்லை என்று இயக்குநர் இளவயதிலேயே கண்டுபிடித்துவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த மூன்று கால் முயல்மேல் ஏறி உட்கார்ந்துதான் பட்டம், பதவி, அகலமான மேசை எல்லாம் அடைந்தார். இடையில் ஒரு கப்பல் போய்வந்து, தட்டு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று உளறிவிட்டது. கப்பலை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அதில் போனவர்களை ஏரிகூட இல்லாத ஓர் உள்நாட்டு ஊருக்கு மாற்றி, அங்கே கடலை ஆராயச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு வாசிப்பு அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு.

மையத்தின் கட்டிடமே கொஞ்சம் துரோகி. நுழைவாயில் சுவரில் ஒரு விரிசல் விழுந்தது. அதை மறைக்க இயக்குநரின் படத்தை மாட்டினார்கள். விரிசல் வளர்ந்தது, அதைவிடப் பெரிய படம் மாட்டினார்கள். இப்போது உள்ளே நுழைகிறவர்களை இயக்குநரின் மூக்கு மட்டுமே ஓர் ஆள் உயரத்துக்கு வரவேற்கிறது.

அந்தப் பயணத்தின் முடிவு வாசிப்புக்குக் கப்பலின் சமையல்காரரும் போயிருந்தார். கப்பல் ஆட்களின் குடும்பங்களுக்குப் பின்வரிசை. அவர் பக்கத்தில் தங்கச்சி, தங்கச்சிக்குப் பக்கத்தில் அவள் கணவர். கேபிளில் கட்டிக் கடலடிக்கு இறக்கும் இரும்பு உருண்டை ஒன்று மையத்திடம் இருந்தது. ஒருவர் மட்டும் முழங்காலை மடக்கி உட்காரலாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல். எல்லோரும் அதை முட்டை என்பார்கள். அதற்குள் இறங்குகிறவர் இந்தத் தங்கச்சி கணவர்தான்; அவருக்கு முட்டைக்காரர் என்று பெயர். "என் மாப்ளைக்கு முட்டைக்குள்ள போற வேலை, எனக்கு முட்டைய உடைக்கிற வேலை" என்று சமையல்காரர் சொல்வார். பழைய நகைச்சுவைதான். இரண்டு பேரும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பார்கள்.

இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசித்தார்: "இப்பயணத்தில் நமது தட்டு நகரவில்லை என்பது மீண்டும் உறுதியாயிற்று. கடலடிச் சரிவு எதுவும் நிகழவில்லை. முட்டையில் இறங்கிய ஓட்டுநர் மூன்றாம் நாள் மாலை நலமாகத் திரும்பினார். அவருக்கு இம்மண்டபத்தில் பாராட்டு விழா நடைபெற்றது."

மண்டபம் கைதட்டியது. முட்டைக்காரரும் கைதட்டினார்.

தங்கச்சி அவர் காதருகே குனிந்தாள். "அப்ப வந்துட்டீங்களா? வர்ற வழியில பால் வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?"

"மறந்துட்டேன்" என்றார் அவர்.

இயக்குநர் காகிதத்தை மடித்துவிட்டு மனசிலிருந்து பேசினார். "போறதுக்கு முன்னாடியே எப்படி சார் முடிவு சொல்றீங்கன்னு சில பேர் கேக்கறாங்க. நான் திருப்பிக் கேக்கறேன். முடிவு தெரியாம எந்தத் தைரியத்துல இத்தனை பேரைக் கடலுக்கு அனுப்பறது? இவங்களுக்கும் குடும்பம் இருக்கு. இவங்க நல்லபடியா திரும்பணும்னு உண்மையிலேயே நினைக்கறவன்தான், திரும்பிட்டாங்கன்னு முன்னாடியே எழுதுவான்." முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் சமையல்காரருக்குக்கூட, நியாயமாகத்தான் பேசுகிறார் என்று தோன்றியது. நல்ல மைக் இருந்தால் எதுவும் நியாயமாகத்தான் தோன்றும்.

கப்பல் கிளம்பிய மூன்றாம் நாள் காலையில் முட்டையை இறக்கினார்கள். அடியிலிருந்து வரும் குரலைக் கேட்பதற்கான ஒலிபெருக்கி சாப்பாட்டு அறையில் இருந்தது, ஏனென்றால் தலைமை விஞ்ஞானி பெரும்பாலும் அங்கேதான் இருந்தார். மென்மையாகப் பேசுகிறவர். கழுத்தில் பட்டு நாடாவில் ஒரு சாவி தொங்கும். முட்டை மண்ணுக்குள் புதைந்துவிட்டால் அதைப் பிடுங்கி எடுக்க, கேபிளைச் சுற்றி இழுக்கும் பெரிய வின்ச் ஒன்று கப்பலில் இருந்தது. அதன் பூட்டுக்கான சாவி அது. சரிவு நடந்தால்தான் முட்டை புதையும். சரிவு நடப்பதே இல்லை. ஆகவே சாவி ஓர் அணிகலனாக இருந்தது.

"அடிக்கு வந்தாச்சு சார்" என்றது ஒலிபெருக்கி. "தரையில ஒரு வெடிப்பு தெரியுது. ஓரமெல்லாம் கூரா இருக்கு. மண்ணு உள்ள ஊத்திக்கிட்டே இருக்கு. புதுசு சார் இது."

"பழைய வெடிப்பு" என்றார் தலைமை விஞ்ஞானி, ரொட்டியைக் கிழித்தபடி.

"என் கண்ணு முன்னாடியே பெரிசாகுது சார்."

"பழைய வெடிப்பு பெரிசாகறது உங்களுக்குப் புதுசா தெரியும். போகப் போகப் பழகிடும்."

"சார், தரை நகருது."

தலைமை விஞ்ஞானி ரொட்டியைக் கீழே வைத்தார். இளம் விஞ்ஞானிகள் இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிமுன் பிள்ளை கெட்ட வார்த்தை பேசிவிட்டால் பெற்றவர்கள் அப்படித்தான் குனிவார்கள்.

"தரை நகரல. நீங்க நகர்றீங்க."

"நான் உக்காந்திருக்கேன் சார்."

"உக்காந்தபடியே நகர்றீங்க."

பிறகு ஒலிபெருக்கியில் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நெடுநேரம் வந்தது. வெளியே கேபிள் விறைத்து, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. சமையலறையில் அடுக்கி வைத்திருந்த பாத்திரங்கள் எல்லாம் தரைக்கு வந்தன. சமையல்காரர் அவற்றைத் தாண்டிக்கொண்டு ஓடி வந்தபோது ஒலிபெருக்கி அமைதியாக இருந்தது. அப்புறம் இருமல் சத்தம்.

"மாப்ள!"

"இருக்கேன் மச்சான். மேல மண்ணு விழுந்து மூடிருச்சு. ஜன்னல் பூரா கருப்பா இருக்கு. காத்து சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

வின்ச்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார். "சாவியக் குடுங்க சார். இப்ப மண்ணு கொழகொழன்னு இருக்கும், இழுத்தா வந்துடும். விட்டா இறுகிடும்."

"குடுக்கறேன்" என்றார் தலைமை விஞ்ஞானி. "குடுக்க மாட்டேன்னு யார் சொன்னா? ஆனா இந்தச் சாவி சரிவுக்கான சாவி. சரிவு நடக்கலன்னு மண்டபத்துல கைதட்டி முடிச்சாச்சு. அப்ப நடந்தது என்னன்னு முதல்ல பேசிடுவோம்."

சமையல்காரர் கேப்டனிடம் ஓடினார். கேப்டன் அன்பாகத் தோளில் கை வைத்தார். "தண்ணிக்கு மேல இருக்கறதெல்லாம் என் பொறுப்பு. தண்ணிக்குக் கீழ இருக்கறது அவங்க பொறுப்பு. மாப்ள தண்ணிக்கு மேல வரட்டும், அப்புறம் பாருங்க நான் எப்படிப் பாத்துக்கறேன்னு."

திரும்பி வந்தால் சாப்பாட்டு அறையில் கூட்டம் தொடங்கியிருந்தது. நடந்ததற்குப் பெயர் வைப்பதுதான் பொருள். சரிவு என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. ஒருவர் "மண் வருகை" என்றார். இன்னொருவர் "படிவு" என்றார். கடலடியில் தூசியும் சிப்பித்துகளும் ஆயிரக்கணக்கான வருடங்களாக மெல்ல மெல்லப் படிவதைத்தான் படிவு என்பார்கள்.

"சார், இது ரெண்டே நிமிஷத்துல நடந்துச்சே" என்றாள் ஓர் இளம் விஞ்ஞானி.

"வேகமான படிவு" என்று தலைமை விஞ்ஞானி திருத்தினார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அவளும்தான்.

"சார், நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றது ஒலிபெருக்கி.

"கேளுங்க, கேளுங்க. உங்க ஒத்துழைப்பும் வேணும். ஜன்னல்ல தெரியற மண்ணு கருப்புன்னு சொன்னீங்க. எந்தக் கருப்பு?"

"சார்?"

"நிறம் பாக்கற அட்டை உள்ள இருக்கும். டார்ச் அடிச்சுப் பாத்து எண்ணைச் சொல்லுங்க. வயசு கணிக்கறதுக்கு உதவும்."

சிறிது நேரம் அட்டைகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. மனிதர் உள்ளே மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு கருப்பாக ஜன்னலோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். எண்ணைச் சொன்னார். ஒழுங்கான ஊழியர். அவரை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபமாக வருகிறது. எண்ணைச் சொல்லாமல் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம்.

"நன்றி" என்றார் தலைமை விஞ்ஞானி. "இந்த நிறம் ரொம்பப் பழைய மண்ணோட நிறம். பத்தாயிரம் வருஷமாவது இருக்கும். பாத்தீங்களா? இப்ப விழுந்த மண்ணே இல்ல இது."

"இப்பதான் சார் என் தலையில விழுந்துச்சு!"

"உங்க உணர்வை நான் மதிக்கறேன்."

மதியம் ஆயிற்று. கூட்டத்துக்குப் பசித்தது. சமையல்காரர் சூப் ஊற்றினார். ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் மேசையில் சிந்தியது, யாரும் கடிந்துகொள்ளவில்லை. அவ்வளவு நல்லவர்கள். வின்ச்காரர் வாசலிலேயே நின்று, மண் இறுகுது, மண் இறுகுது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் இயக்குநரிடம் கேட்டுவிடலாம் என்று தீர்மானித்து, கரைக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்கள். அதற்குள் மாலையாகியிருந்தது. இயக்குநர் மண்டபத்தில் இருந்தார். மூன்றாம் நாள் மாலை அல்லவா? பாராட்டு விழா நடந்துகொண்டிருந்தது.

"அவர் திரும்பிட்டாரே" என்றார் இயக்குநர்.

"திரும்பிட்டார் சார். அதுல மாற்றம் இல்ல. ஆனா கீழ இருக்கார்."

"இப்பதான் மேடையில அவர் மனைவி கையில பூங்கொத்து குடுத்துட்டு வர்றேன். அந்தப் பொண்ணு முகத்துல என்ன சந்தோஷம் தெரியுமா? இப்ப நான் போய், உன் புருஷன் வரலம்மான்னு சொன்னா அவளுக்கு எப்படி இருக்கும்? கொஞ்சமாவது மனுஷத்தன்மை வேணாமா உங்களுக்கெல்லாம்?"

தலைமை விஞ்ஞானி வெட்கப்பட்டார். மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்தார். வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. சமையல்காரருக்கு அழைப்பு. தங்கச்சி.

"அண்ணே, என்ன கூத்து இது? என்னக் கூட்டிட்டு வந்து மேடையில உக்கார வச்சாங்க. பக்கத்துல ஒரு காலி நாற்காலி. அவர் வந்துட்டாருங்கறாங்க. எங்கங்கன்னு கேட்டா, வந்துட்டாருங்கறாங்க. மூஞ்சிய எப்படி வச்சுக்கறதுன்னு தெரியாம சிரிச்சுக்கிட்டிருந்தேன். எங்க அவரு?"

"அடியில மாட்டிக்கிட்டாரும்மா. மேல மண்ணு."

"அப்ப இழுங்க!"

"சாவி இவங்ககிட்ட இருக்கு."

"கேளுங்க."

"காலையிலேருந்து கேக்கறோம்."

"அப்ப கேக்காதீங்கண்ணே" என்றாள் தங்கச்சி.

சமையல்காரர் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. மாவைக்கூடத் தட்டிக்கொடுத்துத்தான் பிசைவார். அவர் போனை மேசைமேல் வைத்துவிட்டு, தலைமை விஞ்ஞானியின் கழுத்து நாடாவைப் பிடித்து இழுத்தார். பட்டு நாடா உடனே அறுந்துவிடவில்லை. தலைமை விஞ்ஞானி நாற்காலியோடு சேர்ந்து விழுந்து, கொஞ்ச தூரம் இழுபட்டு, பிறகு சாவி தனியாக வந்தது. தரையில் கிடந்தபடியே அவர், "இது முறை இல்லை" என்றார், குரலை உயர்த்தாமல்.

வின்ச் உறுமியது. கேபிள் பாடத் தொடங்கியது. கப்பல் பின்பக்கம் தாழ்ந்தது. ஒலிபெருக்கியில் முட்டைக்காரர் கத்தினார்: "அசையுது மச்சான்! அசையுது! இன்னும் கொஞ்சம்..."

கேபிள் அறுந்தது. கடலிலிருந்து துள்ளி வந்து தளத்தைச் சாட்டையாக அடித்துவிட்டுச் சுருண்டு விழுந்தது. அதன் நுனியில் மண் ஒட்டியிருந்தது. சிமெண்டு மாதிரி இறுகிய மண். ஒலிபெருக்கியில் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வின்ச்காரர் குனிந்து அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்; காலையில் அது கொழகொழவென்று இருந்திருக்கும்.

சாப்பாட்டு அறையில் தலைமை விஞ்ஞானி எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த இளம் விஞ்ஞானியிடம், "கடைசியா அவர் 'அசையுது'ன்னு சொன்னார் இல்லையா, அதை மட்டும் எழுத வேணாம்" என்றார்.

கரைக்கு வந்ததும் சமையல்காரர் நேராக இயக்குநரின் அறைக்குப் போனார். "நான்தான் சார் கேபிளை அறுத்தேன். உங்க விஞ்ஞானியக் கீழ தள்ளினேன். என் மேல கேஸ் போடுங்க. என்ன உள்ள தள்ளுங்க." கேஸ் என்று ஒன்று வந்தால் மாப்பிள்ளை எங்கே கிடக்கிறார் என்பதாவது எங்காவது பதிவாகும் என்பது அவர் கணக்கு.

இயக்குநர் தண்ணீர் கொடுத்தார். "எதுக்குங்க கேஸ்? எதுவும் நடக்கலையே."

"என் மாப்ள செத்துட்டாரு சார்."

"அவர் நலமா திரும்பினார். அதுக்கப்புறம் எங்க போனார்ங்கறது உங்க குடும்ப விஷயம். அதுல நாங்க தலையிடறது நாகரிகமா இருக்காது."

தங்கச்சி போலீசுக்குப் போனாள். போலீஸ்காரர் மையத்திடம் விசாரித்துவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "வந்துட்டார்னு சொல்றாங்களேம்மா. வீட்டுல ஏதாவது சண்டையா?" ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புருஷன் வேறு ஒருத்தியோடு போய்விட்டான் என்று தெருவில் பேசினார்கள். அந்த இன்னொருத்தியைக் கடைத்தெருவில் பார்த்ததாகவும் இரண்டு பேர் சொன்னார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்பார்கள். இங்கே ஒரு முழு மனிதனை மறைத்துவிட்டு, அவள்தான் சரியாகத் தேடவில்லை என்றார்கள். அவள் அழுதாள். ஆத்திரத்தில்தான் அதிகம் அழுதாள்.

அடுத்த பயணத்தின் முடிவு வாசிப்பு வந்தது. இந்த முறை மையம் பெருந்தன்மையாக இருந்தது. கடலடியில் புதிதாகக் கண்ணில் பட்ட ஒரு மண்மேட்டுக்கு, நலமாகத் திரும்பிய ஓட்டுநரின் பெயரையே வைப்பதென்றும், அந்த முடிவை அவர் மனைவியே மேடையேறி வாசிப்பதென்றும் ஏற்பாடு. அண்ணன் போக வேண்டாம் என்றார். அவள், போகலாம் என்றாள்.

இயக்குநரே கைகொடுத்து மேடைக்கு ஏற்றினார். காகிதத்தைக் கொடுத்தார். அவள் அதை மனசுக்குள் ஒருமுறை படித்தாள். மேட்டின் வயது பத்தாயிரம் ஆண்டுகள், அது உறுதியானது, அசையாதது, அதில் எடுத்த மண் மாதிரியில் உயிரின் தடயம் எதுவும் இல்லை என்று இருந்தது.

"சார்" என்றாள். மைக் திறந்திருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "பத்தாயிரம் வருஷத்து மண்ணுக்கு அடியில என் வீட்டுக்காரர் எப்படிப் போனாரு?"

இயக்குநர் கனிவாகச் சிரித்தார். "அடியில யாரும் இல்லம்மா."

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"சொல்லியாச்சேம்மா. அதத்தான இப்ப வாசிக்கப் போறீங்க?"

மண்டபம் புரிந்துகொண்டு மெதுவாகச் சிரித்தது. பாவம், படிக்காத பெண். அவள் காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மைக்குக்கு நேராக நின்றாள். காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறவர்களின் அதே ஏற்ற இறக்கத்தில், தெளிவாகச் சொன்னாள்: "இப்பயணத்தில் இயக்குநர் தாமே முட்டையில் இறங்கினார். அந்த மேட்டின்மேல் இறங்கி உட்கார்ந்தார். தரை நகரவில்லை. மூன்றாம் நாள் மாலை நலமாகத் திரும்பினார்."

நலமாகத் திரும்பினார் என்ற இடத்தில் கைதட்டிப் பழகிய மண்டபம் அது. யோசிக்காமல் கைதட்டியது. முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த இயக்குநராகும் வரிசையில் முதலில் நிற்கும் தலைமை விஞ்ஞானி எல்லோரையும்விட நெடுநேரம், கை சிவக்கக் கைதட்டினார். பூங்கொத்துக்காரர்கள் வழக்கப்படி ஓடிவந்து இயக்குநரின் கையில் ஒன்றைத் திணித்தார்கள். பின்வரிசையில் வின்ச்காரர் சமையல்காரரின் காதில், "பழைய கேபிளையே ஒட்டுப் போட்டு வச்சிருக்காங்க" என்றார்.

இயக்குநர் பூங்கொத்தோடு மைக்கைப் பிடித்தார். கூட்டம் அடங்கும்வரை பொறுக்க முடியாமல் கத்தினார்.

"நிறுத்துங்க! போய்ப் பாக்காம, நலமா திரும்புவேன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

அவருடைய முப்பது வருடச் சேவையில் அந்த மேடையில் சொல்லப்பட்ட முதல் விஞ்ஞானம் அதுதான். மண்டபம் அதற்கும் சேர்த்துக் கைதட்டியது.